வட்டணியின் வேகமும் உறைவும்: புத்தளக் கரையோர ஆவணப் பணியை முன்வைத்துச் சில குறிப்புக்கள்

ஆவணப் பாதுகாப்பு என்பது இன்று பெருமளவிற்கு வன்தட்டுக்களின் பாதுகாப்பாக மாறிவிட்டது. ஏட்டிலும் தாளிலும் ஒலிநாடாவிலும் இருந்தவை படிமங்களாகவும் கோப்புக்களாகவும் உருமாறி, நூலகமொன்றின் மூலையிலே சதா இரைந்துகொண்டிருக்கும் பெட்டியொன்றினுள் அடங்கிவிடுகின்றன. இம்மாற்றம் பற்றி நமது ஆய்வுலகிலே எழுதப்படுவன பெரும்பாலும் அதன் பண்பாட்டு முக்கியத்துவத்தை விதந்துரைப்பனவாகவே அமைந்துள்ளன. அப்பெட்டி நள்ளிரவிலே உறைந்து நின்றுவிட்டால் என்ன நிகழ்ந்திருக்கிறது என்ற வினாவோ தொழில்நுட்பவியலாளருக்கு உரியது என ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பொருளை வாசிப்பவன் ஒருவன், பொருளைத் தாங்கும் கருவியைப் பேணுபவன் வேறொருவன் என்ற இவ்வேலைப் பிரிவினையை இயல்பானதென நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. பல வன்தட்டுக்களை மென்பொருளினால் ஒன்றாக இணைத்து அமைக்கும் வட்டணியின் வேகத்தைக் கூட்ட முற்படுகையிலே கணினி உறைந்துபோவது ஏன், அதன் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பவற்றை இலக்கிய, வரலாற்று மாணவரும் விளங்கிக்கொள்ளத்தக்க முறையிலே எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனூடே ஒரு கருத்தையும் வலியுறுத்த விரும்புகின்றோம்: வேகத்தைக் கூட்டுவதற்கெனக் கூறப்படும் அமைப்பு ஒவ்வொன்றும், அது உருவான இடத்தின் மின்சாரத்தையும் பணவசதியையும் ஆட்பலத்தையும் தன்னுள்ளே ஊகமாகக் கொண்டிருக்கிறது. அவ்வூகம் பொருந்தாத இடத்திற்கு அது பெயர்க்கப்படும்போது உறைவு தோன்றுகிறது.

புத்தளக் கரையை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 1990 அக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரிலே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. அவர்களுட் பெரும்பகுதியினர் வந்தடைந்தது புத்தளம் மாவட்டத்தை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிவாசற் பதிவு, மணமக்கள் படம் என எவை கையோடு வந்தனவோ, எவை வராமற் போயினவோ அவற்றைச் சுற்றியே அச்சமூகத்தின் அண்மைக்கால வரலாறு எழுதப்படவேண்டியுள்ளது. அரபு எழுத்திலே எழுதப்பட்ட தமிழ் நூல்கள், உடப்புக் கரைவலைத் தொழிலாளரின் அம்பாப் பாடல்கள் முதலியனவும் இக்கரையின் செல்வங்களே. இத்தகைய ஆவணங்களைப் பேண முற்படும் சிறு நூலகம் ஒன்றிற்குப் பெருநிறுவனங்களின் சேமிப்புக் கருவிகளை வாங்க இயலாது. நான்கு சாதாரண வன்தட்டுக்களையும் பழைய கணினியொன்றையும் லினக்ஸையும் கொண்டு வட்டணி அமைப்பதே அதற்குக் கைகூடும் வழி. ஆகவே இங்கே பேசப்படுவது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கன்று.

வட்டணி என்னும் எண்ணக்கருவின் தோற்றமே இவ்வகையிற் சுவையானது. 1988இலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, விலைகூடிய ஒற்றைப் பெருவட்டிற்கு மாற்றாக, தனியாட் கணினிகளுக்கெனப் பெருந்தொகையில் உற்பத்தியான மலிவான சிறு வட்டுக்கள் பலவற்றை அணியாகச் சேர்க்கலாம் எனக் காட்டிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயரின் முதலெழுத்துக்களே ‘றெயிட்’ என வழங்குகின்றன. அப்பெயரிலே ‘மலிவான’ என்னும் பொருள்தரும் சொல் ஒன்று இருந்தது. வட்டணிகளை உயர்ந்த விலைக்கு விற்கத் தொடங்கிய தொழிற்றுறைக்கு அச்சொல் உவப்பாக இருக்கவில்லை. நாளடைவிலே அவ்விடத்தில் ‘சுயாதீனமான’ என்னும் பொருள்தரும் சொல் புகுத்தப்பட்டது. முதலெழுத்து ஒன்றாகவே இருந்தமையால் மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. சொல் மாற்றத்தின் பின்னே நலன் மாற்றத்தைத் தேடுவது இலக்கிய மாணவனுக்குப் பழகிய வேலைதான். லினக்ஸிலுள்ள மென்பொருள் வட்டணியோ அந்த முதற் சொல்லுக்கே உண்மையாக இருந்துவருகிறது. எவரும் பார்க்கவும் திருத்தவும் தக்கதாகத் திறந்துவைக்கப்பட்ட அந்நிரலையும், அதனை ஆளும் ‘எம்டி அட்ம்’ என்னும் கருவியையும் அவுஸ்திரேலியரான நீல் பிரவுன் நெடுங்காலம் பேணிவந்தார்.

வட்டணியிலே பல வகைகள் உண்டெனினும் சிறு நூலகங்கள் பெரிதும் விரும்புவது ஐந்தாம் வகையாகும். கணக்கேட்டை நினைத்துக்கொள்வோம். ஒரு வரியிலே 7, 5, 9 என மூன்று எண்களை எழுதி, நான்காம் நிரலிலே அவற்றின் கூட்டுத்தொகையாகிய 21 ஐ எழுதுகிறோம். மூன்றில் எந்த ஒன்று அழிந்தாலும் மற்றிரண்டையும் 21 இலிருந்து கழித்து அதனை மீட்டுவிடலாம். வட்டணி செய்வதும் ஏறக்குறைய இதுவே; கூட்டலுக்குப் பதிலாக வேறொரு தருக்கச் செய்கை பயன்படுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. நான்கு வட்டுக்களுக்கும் குறுக்கே ஓடும் இவ்வரியைப் ‘பட்டை’ என்றும், மீட்புக்கென எழுதப்படும் நான்காவது கூறினைச் ‘சரிபார்ப்புக் கூறு’ என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். ஒரு வட்டுப் பழுதானாலும் ஆவணம் அழியாது. நான்கு வட்டுக்களின் விலையிலே மூன்றின் கொள்ளளவு கிடைக்கிறது.

ஆயின் இப்பாதுகாப்பு விலையின்றிக் கிடைப்பதன்று. ஏற்கெனவே எழுதப்பட்ட வரியிலே 5 ஐ 6 ஆக மாற்றவேண்டும் எனக் கொள்வோம். பழைய 5 ஐ வாசித்து, பழைய 21 ஐ வாசித்து, புதிய தொகையைக் கணித்து, 6 ஐயும் 22 ஐயும் எழுதவேண்டும். ஒரு சிறு மாற்றத்திற்கு நான்கு வட்டுச் செயல்கள் தேவைப்படுகின்றன. சுழலும் வன்தட்டொன்று ஒழுங்கற்ற இடங்களிலே நொடிக்கு ஏறக்குறைய நூறு செயல்களையே செய்யவல்லது. நான்கு வட்டுக்களும் சேர்ந்து நானூறு. அதனை நான்கால் வகுத்தால் நொடிக்கு நூறு சிறு மாற்றங்கள். ஒவ்வொன்றும் 4 கிலோபைற்று எனின் நொடிக்கு 400 கிலோபைற்று. அதே அணி, நீண்ட கோப்பொன்றை முழுப்பட்டைகளாக வரிசையாக எழுதும்போது நொடிக்குச் சில நூறு மெகாபைற்று என்ற வேகத்தை எட்டும். இவ்விரண்டிற்கும் இடையிலான பாரிய முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நாம் காணப்போகும் உறைவுகளுட் பல இதிலிருந்தே முளைக்கின்றன. ஆவண வேலையிலே இரு வகை எழுத்தும் கலந்தே வருகின்றன. ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அளவிலே முழுவண்ணமாக வருடினால், சுருக்காத படிமம் ஏறக்குறைய 26 மெகாபைற்று; இது வரிசையான எழுத்து. அப்படிமங்களுக்குச் சிறு முன்காட்சிகள் உருவாக்குவதும், பட்டியற் தரவுத்தளத்திலே பதிவுகளைத் திருத்துவதும் சிதறிய சிறு எழுத்துக்கள்.

இனி, உடப்பிலே கரைவலை இழுப்பதைக் கண்டோர் அறிவர்: வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் ஒத்த வேகத்திலே இழுத்தல் வேண்டும். ஓரணி எவ்வளவு வலிமை வாய்ந்ததாயினும் மற்றையணி தளர்ந்தால் மடி கோணும். பட்டையொன்றின் எழுத்தும் அவ்வாறே, மிக மந்தமான வட்டு முடிக்கும்வரை முடிவதில்லை. மூன்று வட்டுக்கள் வேலையின்றிக் காத்திருக்க, நான்காவது வட்டு நோயுற்றிருக்கும் நிலையைச் சராசரி வேகம் வெளிக்காட்டாது. ஒவ்வொரு வட்டின் காத்திருப்பையும் தனித்தனியே பார்ப்பதே கண்டறிதலின் முதற்படியாகும்.

வட்டின் மந்தத்தை மறைப்பதற்காகக் கணினி நினைவகத்தைப் பயன்படுத்துகிறது. இதனைப் புத்தளத்து உப்பளத்தைக் கொண்டு விளக்கலாம். களப்பு நீர் நேரே உப்பு விளையும் பாத்திக்குள் விடப்படுவதில்லை. முதலிலே பெரிய பாத்திகளிலே தேக்கப்பட்டு, செறிவடைந்த பின்னரே படிப்படியாக விளைபாத்தியை அடைகிறது. கணினியிலும் எழுதப்படவேண்டிய தரவு முதலில் நினைவகத்திலே தேங்குகிறது. எழுதச் சொன்ன செயலிக்கோ வேலை முடிந்துவிட்டது என்ற மறுமொழி உடனே கிடைத்துவிடுகிறது. இன்னும் வட்டைச் சேராத இத்தரவைத் தொழில்நுட்ப வழக்கிலே ‘அழுக்குப் பக்கங்கள்’ என்பர். (உப்பளத் தொழிலாளரின் வழக்கு இதனிலும் மரியாதையானதாக இருந்திருக்கும்.) தேக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகக் கணினி தோற்றமளிக்கும். ஆனால் வேலை முடியவில்லை. அது கடனாகவே நிற்கிறது.

லினக்ஸின் கருநிரலிலே இத்தேக்கத்திற்கு இரு எல்லைகள் உள்ளன. கிடைக்கக்கூடிய நினைவகத்தின் 10 வீதத்தை எட்டியதும் பின்னணியிலே வட்டுக்கு எழுதுதல் தொடங்கும். 20 வீதத்தை நெருங்க நெருங்க, எழுதும் செயலிகள் தாமதிக்கப்பட்டு, எல்லையிலே நிறுத்திவைக்கப்படும். இவை இயல்பாக அமைந்த அளவுகள். 16 கிகாபைற்று நினைவகமுள்ள கணினியிலே இவ்வெல்லை ஏறக்குறைய 3 கிகாபைற்று. வட்டணி அவ்வேளை சிதறிய எழுத்துக்களிலே சிக்கி நொடிக்கு 10 மெகாபைற்று மட்டுமே ஏற்கிறது எனின், கடனை அடைக்க 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம் வேண்டும். அவ்வைந்து நிமிடமும் ஒரு பக்கக் கடிதத்தைச் சேமிக்க முயல்பவரும் வரிசையிலே நிற்கவேண்டியதுதான். ‘கணினி ஹாங் ஆகிவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்நிலையையே. வேகம் வேண்டும் என்று 20 வீதத்தை 40 அல்லது 60 வீதமாக உயர்த்துவோர், உறைவின் நீளத்தையே இரண்டு மூன்று மடங்காக்கிக் கொள்கின்றனர். அளவு மாற்றம் ஒரு கட்டத்திலே பண்பு மாற்றமாகிவிடுகிறது. சிறு தாமதங்கள் மறைந்து ஒரு பெரும் நிறுத்தமாகத் திரள்கின்றன. வீதத்தைக் கைவிட்டு ‘டேர்ட்டி பைற்ஸ்’ என்ற நேரடி அளவாக 200 மெகாபைற்று என எல்லை வகுத்தால், அதே மோசமான வேளையிலும் கடன் 20 நொடியிலே தீரும். சோதனையிலே கிடைக்கும் எண் குறையும். மேசையிலே வேலை செய்பவரின் காத்திருப்பும் குறையும்.

இங்கே அளவீடு பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். வட்டணியின் வேகத்தை அறியப் பலர் செய்வது, பூச்சியங்கள் நிறைந்த பெருங்கோப்பொன்றை எழுதி நொடிக்கு எத்தனை மெகாபைற்று எனப் பார்ப்பதாகும். இச்சோதனை பல வேளைகளிலே வட்டை அளப்பதேயில்லை. நினைவகத் தேக்கத்தையே அளக்கிறது. அளந்தாலும், வரிசையான எழுத்து என்னும் மிக வசதியான நிலையையே அளக்கிறது. எனினும் அவ்வெண் ஒப்பிடத்தக்கதாகவும் பெருமை பேசத்தக்கதாகவும் இருப்பதால் அதுவே இலக்காகிவிடுகிறது. மனிதரிடையேயான உறவு பொருள்களின் இயல்பெனத் தோன்றும் மயக்கத்தை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்று குறித்தார். இங்கும் அதன் சாயல் ஒன்றைக் காண்கிறோம்: எவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது மறைந்து, கருவியின் இயல்பென ஓர் எண் நிற்கிறது. ஆவண நிலையம் அளக்கவேண்டியது மிக நீண்ட காத்திருப்பையே.

வேகம் தேடுவோர் கைவைக்கும் இன்னோர் அமைப்பு ‘ஸ்ட்றைப் கேஷ்’ எனப்படும் பட்டைத் தேக்ககம். முழுப்பட்டை சேரும்வரை துண்டுகளை வைத்திருந்து, நாம் மேலே கண்ட நான்கு செயல் விரயத்தைக் குறைப்பது இதன் பணி. இயல்பான அளவு 256; உயர்ந்த எல்லை 32768. இது பயனுள்ள அமைப்பு என்பதிலே ஐயமில்லை. ஆனால் இவ்வெண்கள் மெகாபைற்றுக்களைக் குறிப்பன அல்ல என்பதையே பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு நினைவகப் பக்கம், பொதுவாக 4 கிலோபைற்று, தேவைப்படும். நான்கு வட்டணியிலே 256 பதிவுகளுக்கு 4 மெகாபைற்று; 32768 பதிவுகளுக்கோ 512 மெகாபைற்று. அன்பளிப்பாகக் கிடைத்த 2 கிகாபைற்று பழங்கணினியிலே இது நினைவகத்தின் காற்பங்கு. இரண்டு அணிகள் இருப்பின் பாதி. எஞ்சிய நினைவகத்திற்காகச் செயலிகள் போட்டியிட, கணினி மூச்சுத்திணறி நிற்கும். இவ்வமைப்பு மறுதொடக்கத்தின்போது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஒரு பாதுகாப்பு. ஆகவே, சில நாள் பார்த்துத் தேறுமுன்னரே அதனைத் தொடக்க நிரலிலே எழுதிவைத்தல் தகாது. எழுதிவைத்தால் கணினி ஒவ்வொரு முறையும் எழும்பும்போதே உறையும்.

உறைந்த கணினியின் முன்னே நிற்பவர் முதலில் அறியவேண்டியது, அது இறந்துவிட்டதா, காத்திருக்கிறதா என்பதையே. வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பினூடே ‘பிங்’ செய்தால் மறுமொழி வருகிறதா? விசைப்பலகையிலே ‘கப்ஸ் லொக்’ விளக்கு மாறுகிறதா? வட்டு விளக்கு ஓயாது எரிகிறதா? இவற்றிற்கு ஆம் என்பது விடையாயின், கருநிரல் உயிரோடிருக்கிறது. செயலிகளே வட்டை நோக்கிக் காத்திருக்கின்றன. இடையூறு செய்யவியலாத இக்காத்திருப்பைச் செயலிப் பட்டியலிலே ‘டி’ என்னும் எழுத்து குறிக்கும். செயலியொன்று 120 நொடிக்கு மேல் இவ்வாறு நின்றால் கருநிரல் தன் குறிப்பேட்டிலே அதனைப் பெயர் சுட்டி எழுதிவைக்கிறது. ‘எம்டிஸ்டாட்’ என்ற நிலைப்பட்டியல், அணி முழுமையாக உள்ளதா, மீளொத்திசைவு நடைபெறுகிறதா என்பதைக் காட்டும். முன்கூட்டியே அனுமதித்து வைத்திருந்தால், ‘ஓல்ட்’, ‘பிறின்ட் ஸ்கிறீன்’ விசைகளுடன் ‘டபிள்யூ’ விசையை அழுத்துவதன் மூலம் எந்தச் செயலி எவ்விடத்திலே நிற்கிறது என்பதையும் பெறலாம். இவற்றையெல்லாம் பார்க்குமுன் மின்பொத்தானை அழுத்திப் பிடிப்பதே யாவர்க்கும் இயல்பாக வரும் செய்கை. அதுவே மிகக் கேடானதும் ஆகும். தேங்கி நின்ற கடன் முழுவதும் அத்துடன் அழிந்துவிடுகிறது.

பொத்தானை நாம் அழுத்தாவிடினும் மின்சாரம் தானே நின்றுவிடும் இடத்தைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருக்கிறோம்? கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையிலே அமைந்த லக்விஜய நிலக்கரி அனல்மின் நிலையம், 2011இலே முதல் அலகுடன் தொடங்கி, 2014இலே மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற்று கொள்ளளவை அடைந்தது. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையத்தின் புகைபோக்கியைக் கண்ணெதிரே கொண்ட ஊர்களும் 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களிலே நாட்டின் ஏனைய பகுதிகளைப் போலவே இருளில் மூழ்கின. 2020இலே கெரவலப்பிட்டியிலும் 2025இலே பாணந்துறையிலும் துணை மின்நிலையம் ஒன்றிலே ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதற்கும் பரவிற்று. நுரைச்சோலை அலகுகள் நின்றுபோய் உடனே மீளாமையால் அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு அமுலாயிற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே, மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டும் அறிவிக்கப்பட்டது. நமது வட்டணியின் வரலாறு இச்சூழலிலிருந்து பிரித்தறிய முடியாதது.

ஏனெனில், எழுதிக்கொண்டிருக்கையிலே மின்சாரம் நின்றால், பட்டையொன்றிலே 6 எழுதப்பட்டு, 22 எழுதப்படாமல் பழைய 21 நின்றுவிடலாம். எந்தப் பட்டைகளிலே இது நேர்ந்தது என்பது அணிக்குத் தெரியாது. எனவே கணினி மீண்டும் எழும்பியதும் எல்லாப் பட்டைகளையும் வாசித்துச் சரிபார்ப்புக் கூறுகளைப் புதுக்கவேண்டியுள்ளது. இதுவே மீளொத்திசைவு. 4 ரெறாபைற்று வட்டுக்களுக்கு, நொடிக்கு 100 மெகாபைற்று வேகத்திலே, ஏறக்குறைய பதினொரு மணி நேரம் பிடிக்கும். பதினொரு மணி நேரத்திற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடுமாயின்? அத்துடன், இவ்வேளையிலே ஒரு வட்டும் பழுதானால், பொருந்தாத தொகையைக் கொண்டு பிழையான எண் மீட்கப்படும். அப்பிழை எவ்வித அறிவிப்புமின்றிக் காணி உறுதியொன்றின் படிமத்தினுள்ளே சென்று அமர்ந்துவிடலாம்.

இத்துன்பத்திற்கு மருந்தாக அமைந்ததே எழுத்துக் குறிவரைபு. எப்பகுதியிலே எழுதப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சிறு வரைபடமொன்றிலே குறித்துவைத்தல் அதன் முறை. மின்சாரம் நின்று மீண்டால், குறித்த பகுதிகளை மட்டும் சரிபார்த்தாற் போதும், மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிறது. ஆயின் குறித்துவைப்பதற்கும் நேரம் செலவாகிறதல்லவா? ஆகவே வேகத்தைக் கூட்டும் அறிவுரைகளிலே ‘குறிவரைபை நீக்குக’ என்பது தவறாது இடம்பெறும். பிறப்பாக்கியும் மின்கல வரிசையும் இரவுநேரப் பொறியியலாளரும் உள்ள தரவு நிலையத்திலே இவ்வறிவுரை தவறன்று. அங்கே மின்சாரம் நிற்பது அரிது. அவ்வறிவுரை அங்கிருந்து புறப்பட்டு, பிறப்பாக்கியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு, கற்பிட்டி வீதியிலுள்ள நூலகத்தை வந்தடைகிறது. வளர்ச்சியின் சமனின்மை என்று நாம் பொருளியலிலே பேசுவது ஓர் அமைப்புக் கட்டளையின் வடிவிலும் வந்து சேரும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை. குறிவரைபின் செலவைக் குறைக்க விரும்புவோர் அதனை நீக்காது, அதன் ஒவ்வொரு குறியும் அடக்கும் பரப்பைப் பெரிதாக்கலாம். அப்போது குறிக்கவேண்டிய தடவைகள் குறைகின்றன.

மீளொத்திசைவை விரைவில் முடிக்கவேண்டும் என்ற அவசரத்திலே செய்யப்படும் மாற்றமும் உறைவுக்குக் காரணமாகிறது. மீளொத்திசைவின் வேகத்திற்குக் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு உண்டு. இயல்பாக நொடிக்கு 1000 கிலோபைற்று, 200000 கிலோபைற்று. வேறு வேலை இல்லாதபோது மேலெல்லையை நோக்கிச் செல்லும். மனிதர் வேலை செய்யத் தொடங்கினால் கீழெல்லைவரை இறங்கி வழிவிடும். கீழெல்லையை 100000 ஆக உயர்த்துதல், எவர் வந்தாலும் வழிவிடேன் என வட்டணி கூறுவதற்கு ஒப்பாகும். பகலெல்லாம் கணினி உறைந்தாற்போல் நிற்கும். உயர்த்தவேண்டியிருப்பின் இரவிலே உயர்த்திக் காலையிலே இறக்கிவிடலாம். எவ்வாறாயினும் 1000 என்ற இயல்பளவிலேயே நாள் முழுவதும் நெருக்கடியான வேலை தொடருமாயின் 4 ரெறாபைற்று முடிய நாற்பத்தாறு நாட்கள் செல்லும் என்பதையும் மறத்தலாகாது. ‘நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை, மாதத்திலே ஒருநாள் மட்டும் உறைகிறது’ என்போர் நாட்காட்டியைப் பார்த்தல் நன்று. டெபியன் வகை லினக்ஸின் பல பதிப்புக்களிலே மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை 12.57க்கு அணி முழுவதையும் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்துவந்துள்ளது.

எல்லா உறைவுகளுக்கும் மென்பொருள் அமைப்பே காரணம் என்பதற்கில்லை. வீட்டுப் பாவனைக்கெனச் செய்யப்பட்ட வன்தட்டு, வாசிக்கமுடியாத இடமொன்றைக் கண்டால் ஒரு நிமிடத்திற்கும் மேலாகத் திரும்பத் திரும்ப முயலும். தனியாக இருக்கும் வட்டுக்கு அது நற்பண்பே. ஆனால் லினக்ஸ் 30 நொடியே பொறுத்திருந்து, வட்டு இறந்தது எனக் கொண்டு இணைப்பை மீட்டமைக்கும். இதனால் நலமான வட்டும் அணியிலிருந்து தள்ளப்படுவதுண்டு. வட்டு இடங்கொடுக்குமாயின் அதன் முயற்சியை 7 நொடியுடன் நிறுத்திக்கொள்ளுமாறு அமைக்கலாம்; இடங்கொடாவிடின் கருநிரலின் பொறுமையை 180 நொடியாக உயர்த்துதல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றையேனும் செய்யாது பட்டைத் தேக்ககத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண்வேலை.

இன்னொன்று, வாங்கும்போதே மறைக்கப்படும் குறை. கிடுகு வேய்வது போல ஒரு தடத்தின்மீது அடுத்த தடம் பகுதியாகப் படியுமாறு எழுதும் வட்டுக்கள் உண்டு. குறைந்த செலவிலே கூடிய கொள்ளளவு கிடைக்கிறது. ஆனால் நடுவிலுள்ள ஒரு கிடுகை மாற்ற மேலுள்ளவற்றையும் தூக்கவேண்டியிருப்பது போல, சிறு மாற்றத்திற்கும் பெரும்பகுதியைத் திருப்பி எழுதவேண்டும். வட்டணியின் மீட்பு வேலையிலே இவை நொடிக்கணக்காக, சில வேளை நிமிடக்கணக்காக நின்றுவிடுகின்றன. வட்டணிகளுக்கு உகந்தவை எனச் சந்தைப்படுத்தப்பட்ட ‘றெட்’ வரிசையின் 2 முதல் 6 ரெறாபைற்று வரையிலான வட்டுக்கள் சிலவற்றிலே வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனம் இம்முறையை வெளிப்படையாக அறிவிக்காது புகுத்தியிருந்தமை 2020 ஏப்ரலிலே அம்பலமாயிற்று; அதனை வெளிக்கொணர்ந்ததிலே, தத்தம் அணிகள் ஏன் சிதைகின்றன எனத் தேடிய சாதாரண பாவனையாளருக்கும் பங்குண்டு. வட்டின் மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

மின்தடையைத் தாங்கச் சிறு மின்கலப் பெட்டியொன்றை வைப்போர், அது எவ்வளவு நேரம் கணினியை ஓட்டும் என்றே கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்வி, தேங்கிய கடனை எழுதிமுடித்துக் கணினி ஒழுங்காக நிற்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பது. பத்து நிமிடம் தாங்கும் பெட்டியிலே ஐந்து நிமிடத்தை 3 கிகாபைற்றுத் தேக்கமே விழுங்கிவிட்டால், எஞ்சுவது சொற்பம். தேக்கத்தை 200 மெகாபைற்றாகக் குறைத்து, பெட்டியிலிருந்து தகவல் வந்த ஒரு நிமிடத்திலே கணினி தானே அணையத் தொடங்குமாறு அமைத்தால், மலிவான பெட்டியே போதுமானது.

வட்டணி எவ்வளவு சீராக ஓடினாலும் அது ஒரே அறையிலே நிற்கும் ஒரே பெட்டி. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே 97,000 வரையிலான நூல்கள் எரியூட்டப்பட்டமை, ஓரிடத்திலே மட்டும் இருந்தவற்றிற்கு நேர்ந்த கதி. சரிபார்ப்புக் கூறு ஒரு வட்டின் இழப்பை ஈடுசெய்யும். அறையின் இழப்பை ஈடுசெய்யாது. இரண்டாவது பிரதி வேறொரு ஊரிலே இருத்தல் வேண்டும் என்பதை அணியின் வேகம் பற்றிய எந்த உரையாடலும் பின்தள்ளிவிடக் கூடாது.

அமைப்புக்களை மாற்ற விரும்பும் நூலகத்தினர், ஒரு வேளையிலே ஒன்றை மட்டும் மாற்றி, பழைய அளவையும் நாளையும் தாளிலே (உறையும் கணினியிலே அன்று) எழுதி, ஒரு வார காலமாவது வழக்கமான வேலையிலே பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுதல் நன்று. ஒரே மாலையிலே ஐந்தை மாற்றி உறைவைக் கண்டவருக்கு ஐந்தையும் மீளவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆவணங்களை ஏற்றுவதற்கு முன்னர், வெற்று அணியிலே பழைய படிமங்கள் சிலவற்றை எழுதவிட்டு, மின்கலப் பெட்டியையும் கழற்றிவிட்டு, சுவரிலுள்ள மின்னாளியை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தல் அவசியம். மீண்டும் போட்டதும் அணி தானே எழும்புகிறதா, மீளொத்திசைவு நிமிடங்களிலே முடிகிறதா, அது நடக்கும்போது பக்கத்திலிருந்து ஒரு கோப்பைத் திறக்க எத்தனை நொடி செல்கிறது என மூன்றையும் அதே தாளிலே குறித்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை மூன்று வட்டுக்களுடன், ஒன்றைக் கழற்றிய நிலையிலே, இதே சோதனையைச் செய்யவேண்டும்.